பிராந்திய அரசமைப்புக்கு உரிமைப் பட்டியல் எழுதுவது எப்படி: தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஒரு மாநிலத்துக்கோ மாகாணத்துக்கோ அரசமைப்பு வரைய அமர்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது உரிமைப் பகுதியில்தான். அதிகாரப் பங்கீடு, வரி, தேர்தல் ஆகியவை சலிப்பூட்டும் அத்தியாயங்கள். உரிமைப் பகுதி மட்டும் எழுதவும் படிக்கவும் உவப்பானது. ஆனால் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. உங்கள் பிராந்திய அரசுக்கு எந்தெந்தத் துறைகளில் அதிகாரம் உண்டு என்று தெரியாமல் எழுதப்படும் உரிமை, பணம் இல்லாத கணக்கில் எழுதப்பட்ட காசோலைக்கு ஒப்பானது.

படி 1: மேலே உள்ள அரசமைப்பைப் படியுங்கள்

தேசிய அல்லது கூட்டாட்சி அரசமைப்பு உங்களுக்குத் தனி உரிமைப் பட்டியலை அனுமதிக்கிறதா, அனுமதித்தால் எந்த எல்லைக்குள் என்பதை முதலில் கண்டறியுங்கள். ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் இதற்கென்றே 142ஆம் உறுப்பு உள்ளது: கூட்டாட்சி உரிமைகளோடு முரண்படாத அளவில் மாநில அரசமைப்புகள் தரும் உரிமைகள் செல்லும். தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நடால் மாகாணம் எழுதிய அரசமைப்புக்கு 1996 செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் சான்றளிக்க மறுத்தது; மாகாணத்துக்கு இல்லாத அதிகாரங்களை அந்த ஆவணம் தனக்கு உரியவையாக எடுத்துக்கொண்டது முக்கியக் காரணம். மாகாணம் உரிமைப் பட்டியல் வைத்துக்கொள்வதே தவறு என்று நீதிமன்றம் கூறவில்லை. அது மாகாணத்தின் அதிகார வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றுதான் கூறியது. அடுத்து வந்த மேற்கு கேப் மாகாணம் 1997இல் சான்று பெற்ற தன் அரசமைப்பில் தனி உரிமைப் பட்டியலைத் தவிர்த்து, வழிகாட்டும் கொள்கைகளோடு நிறுத்திக்கொண்டது. கோழைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும்; எனக்கு அது நிதானமாகவே தெரிகிறது.

பொதுவான விதி இதுதான்: தேசிய அரசமைப்பு தரும் உரிமை தரைமட்டம். அதற்குக் கீழே போக முடியாது. மேலே கட்ட முடியும்.

படி 2: அதிகார அட்டவணை தயாரியுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள். முதல் பத்தியில் நீங்கள் சேர்க்க விரும்பும் உரிமை. இரண்டாவதில் அந்த உரிமையை மீறக்கூடிய அல்லது நிறைவேற்ற வேண்டிய அமைப்பு. மூன்றாவதில் அந்த அமைப்பு பிராந்தியக் கட்டுப்பாட்டில் உள்ளதா என்பது. காவல்துறை மத்திய அரசின் கையில் இருந்தால், கைது செய்யப்படுபவரின் உரிமைகள் பற்றி நீங்கள் எழுதும் நான்கு பக்கங்களால் எவருக்கும் பயன் விளையாது. மாறாக, பள்ளி, மருத்துவமனை, நிலப் பதிவு, குடிநீர், உள்ளாட்சி ஆகியவை பிராந்தியத்திடம் இருந்தால், உங்கள் பட்டியலின் நடுநாயகமாக நிற்க வேண்டியவை அவைதான். மூன்றாவது பத்தியில் ‘இல்லை’ என்று விழும் உரிமைகளை முகவுரைக்கு நகர்த்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

படி 3: எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

தேசிய அரசமைப்பில் ஏற்கெனவே உள்ள உரிமையை அப்படியே நகலெடுப்பதில் ஒரு பயன் உண்டு: தேசிய நீதிமன்றம் நாளை அதன் பொருளைச் சுருக்கினால், உங்கள் நீதிமன்றம் உங்கள் சொற்களுக்கு விரிந்த பொருள் தரலாம். ஆனால் அந்த நோக்கத்தை எழுத்தில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியா அரசமைப்பின் முதல் அத்தியாயம், 24ஆம் பிரிவு, இங்கே தரப்படும் உரிமைகள் கூட்டாட்சி அரசமைப்பு தருபவற்றைச் சார்ந்தவை அல்ல என்று ஒரே வரியில் இதைச் செய்கிறது. ஃபுளோரிடா 1982இல் எதிர்த் திசையில் சென்றது: சோதனையிடல், கைப்பற்றல் தொடர்பான உரிமைக்குக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தரும் பொருளே பொருள் என்று தன் அரசமைப்பைத் திருத்திக்கொண்டது. இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள் எழுதாவிட்டால், வேறு யாரோ உங்களுக்காக முடிவு செய்வார்கள்.

பிராந்திய அரசமைப்பு உண்மையில் சிறப்புப் பெறுவது தேசிய ஆவணத்தில் இல்லாததைச் சேர்க்கும்போதுதான். தூய்மையான, நலமான சுற்றுச்சூழலுக்கான உரிமையை மொன்டானா மாநிலம் 1972இலேயே உரிமைப் பகுதியில் வைத்தது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசமைப்பில் அப்படியொரு உரிமை இல்லை. இளைஞர்கள் சிலர் அதை அடிப்படையாகக் கொண்டு தொடுத்த காலநிலை வழக்கில் 2023இல் விசாரணை நீதிமன்றத்திலும், 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். ஒரு சொற்றொடர் ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து வேலை செய்திருக்கிறது.

படி 4: வாக்கியத்தை எழுதுங்கள்

தொடக்க நிலையினர் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு உரிமை வாக்கியத்திலும் மூன்று விடைகள் இருக்க வேண்டும்: உரிமை யாருக்கு, எதற்கு, கடமை யாருக்கு. குடிநீரை எடுத்துக்கொண்டு மூன்று வரைவுகளை ஒப்பிடலாம்.

முதல் வரைவு: “அனைவருக்கும் குடிநீர் உறுதி செய்யப்படும்.” செயப்பாட்டு வினை எழுவாயை விழுங்கிவிட்டது. யார் உறுதி செய்வார் என்ற கேள்விக்கு இந்த வாக்கியத்தில் பதில் இல்லை. தமிழில் எழுதும்போது ‘செய்யப்படும்’, ‘வழங்கப்படும்’ என்ற முடிவுகளைக் கண்டால் உடனே நிறுத்தி எழுவாயைத் தேடுங்கள்.

இரண்டாம் வரைவு: “பிராந்தியத்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பான குடிநீர் பெறும் உரிமை உண்டு.” உரிமையாளர் வந்துவிட்டார், கடமைப்பட்டவர் இன்னும் வரவில்லை.

மூன்றாம் வரைவு: “பிராந்தியத்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பான குடிநீர் பெறும் உரிமை உண்டு. பிராந்திய அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் இந்த உரிமையை நிறைவேற்றக் கடமைப்பட்டவை. கட்டணம் செலுத்த இயலாமையை மட்டும் காரணமாகக் கொண்டு எவருடைய குடிநீர் இணைப்பையும் துண்டிக்கக் கூடாது.” வழக்கறிஞர் ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் செல்லக்கூடிய வாக்கியம் இது. ‘செலுத்தத் தவறுதல்’ என்று எழுதாமல் ‘செலுத்த இயலாமை’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வசதி இருந்தும் கட்டாதவரை இந்தப் பாதுகாப்பு காக்காது.

‘ஒவ்வொருவரும்’ என்பதற்கும் ‘ஒவ்வொரு குடிமகனும்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. வாக்குரிமை போன்ற சிலவற்றுக்குத்தான் இரண்டாவது பொருந்தும். அங்கும் ‘குடிமக்கள்’ என்ற பன்மை பாலின ஐயத்தைத் தவிர்க்கும். வினைமுற்றிலும் இதே கவனம் தேவை. ஜார்ஜ் மேசன் முதன்மையாக வரைந்த 1776ஆம் ஆண்டின் வர்ஜீனியா உரிமைப் பிரகடனம், மிகையான பிணைத்தொகை கேட்பது தகாது என்ற தொனியில் பேசியது. 1791இல் அமெரிக்க அரசமைப்பில் சேர்ந்த எட்டாவது திருத்தம் அதே கருத்தைக் ‘கூடாது’ என்ற கட்டளையாக மாற்றியது. ‘தகாது’ அறிவுரை; ‘கூடாது’ சட்டம்.

படி 5: செலவாகும் உரிமைகள்

வீடு, மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 26ஆம் பிரிவு, கையிலுள்ள வளங்களுக்குள் வீட்டு உரிமையைப் படிப்படியாக நிறைவேற்ற நியாயமான நடவடிக்கை எடுக்கும்படி அரசைப் பணிக்கிறது. ‘படிப்படியாக’ என்பது தப்பிக்கும் வழி போலத் தோன்றினாலும், 2000ஆம் ஆண்டின் குரூட்பூம் வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், உடனடி அவதியில் இருப்பவர்களுக்கு எந்த ஏற்பாடும் இல்லாத வீட்டுத் திட்டம் நியாயமானது ஆகாது என்று தீர்ப்பளித்தது. எனவே ‘நியாயமான’ என்ற அளவுகோலை விட்டுவிட்டு ‘படிப்படியாக’ என்பதை மட்டும் எழுதாதீர்கள். ‘அரசு முயலும்’ என்று முடிக்கும் வாக்கியத்துக்கு இந்த வலு வராது.

படி 6: வரம்புகள்

வரம்பு எழுத இரண்டு மரபுகள் உண்டு. இந்திய அரசமைப்பின் 19ஆம் உறுப்பு, ஒவ்வொரு சுதந்திரத்துக்கும் எந்தக் காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று தனித்தனியே சொல்கிறது. கனடாவின் 1982 உரிமைச் சாசனமும் தென்னாப்பிரிக்காவின் 36ஆம் பிரிவும் எல்லா உரிமைகளுக்கும் ஒரே பொது வரம்பை வைத்து, கட்டுப்பாட்டை நியாயப்படுத்தும் பொறுப்பை அரசின் மேல் சுமத்துகின்றன. தொடக்க நிலையினருக்கு இரண்டாவது முறையையே பரிந்துரைப்பேன். உரிமைக்கு உரிமை விதிவிலக்கு எழுதும்போது அந்த விதிவிலக்குகள் உரிமையைவிட நீளமாகிவிடுகின்றன. சித்திரவதைத் தடை போல எந்த வரம்புக்கும் உட்படாதவற்றை மட்டும் பெயர் சொல்லித் தனியே ஒதுக்குங்கள்.

படி 7: பரிகாரம்

உரிமை மீறப்பட்டால் எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது, யார் செல்லலாம், நீதிமன்றம் எதையெல்லாம் உத்தரவிடலாம் என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் மட்டுமா, அவர் சார்பில் மற்றவரும் பொதுநலன் கருதி வழக்குத் தொடுக்கலாமா? முரணான சட்டம் செல்லாது போகுமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2006இல் இயற்றிய உரிமைச் சாசனம் சாதாரணச் சட்டம்தான். அதன்படி மாநில உச்ச நீதிமன்றம் முரணை அறிவிக்கலாமே தவிர, முரணான மாநிலச் சட்டத்தை ரத்து செய்ய முடியாது. தெரிந்தே எடுத்த முடிவாக இருந்தால் அதுவும் ஏற்கத்தக்கதே. எழுதாமல் விட்டதால் வந்த முடிவாக இருக்கக் கூடாது.

படி 8: திருத்தப் பூட்டு

2008 மே மாதம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மாநில அரசமைப்பின்படி ஒருபாலினத்தவருக்கும் திருமண உரிமை உண்டு என்றது. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 52 விழுக்காட்டு வாக்குகளால் நிறைவேறிய ‘எட்டாவது முன்மொழிவு’ என்ற அரசமைப்புத் திருத்தம் அந்த உரிமையை அரசமைப்பிலிருந்தே விலக்கியது. சாதாரணப் பெரும்பான்மையே அதற்குப் போதுமானதாக இருந்தது. சிறுபான்மையினரைக் காக்க எழுதும் பகுதியைப் பெரும்பான்மை வாக்கு ஒன்றே மாற்றலாம் என்று விடுவது முரண். உரிமைப் பகுதிக்கு மூன்றில் இரண்டு பங்கு, இரு வேறு அவைக்காலங்களில் ஒப்புதல் போன்ற கூடுதல் தடையை வையுங்கள்.

படி 9: சோதித்துப் பாருங்கள்

வரைவு முடிந்ததும் ஐந்தாறு கற்பனை வழக்குகளை எழுதி, நண்பர் ஒருவரை அரசுத் தரப்பு வழக்கறிஞராக நிறுத்துங்கள். அவர் எளிதாகத் தப்பும் வாக்கியங்களை மறுபடி எழுதுங்கள். பிறகு தேசியச் சட்டத்தோடு ஒவ்வொரு பிரிவாக ஒப்பிட்டு, செல்லாதவற்றை இப்போதே நீக்குங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் 1946இல் எழுதிய அரசமைப்பில் மரண தண்டனைக்கு இடம் இருந்தது. 1949இல் கூட்டாட்சி அடிப்படைச் சட்டம் மரண தண்டனையை ஒழித்ததோடு அந்த வரிகள் செயலற்றுப் போயின. மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அவை நீக்கப்பட்டது 2018இல்தான்.