இராஜகல மலைக்குப் போகிறவர்களுக்கு

விடுமுறைக்குக் கிழக்கிலங்கையிலுள்ள நம் ஊருக்கு வருபவர்கள், உறவினர் வீடுகளுக்கும் பாசிக்குடாவுக்கும் ஒதுக்கும் நாட்களில் ஒன்றையேனும் அம்பாறை நகரிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இராஜகல மலைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பௌத்த துறவிகள் வாழ்ந்த குகைகளும் தூபிகளும் கற்படிகளும் அங்கே காட்டுக்குள் பரந்து கிடக்கின்றன. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரையும், அவருடன் வந்த இட்டிய தேரரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும், பிராமி என்னும் பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டும் அங்கேதான் உள்ளது.

மாரி கொட்டும் நவம்பர் முதல் சனவரி வரையான காலத்தைத் தவிருங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயில் தாங்காது. காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். யானை நடமாடும் பகுதி என்பதால் தனியே செல்லாமல், சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வது நல்லது.

குகையின் முன் நின்றதும் மேலே பாருங்கள். பாறையின் நெற்றியில் நீளமாக வெட்டப்பட்டிருக்கும் விளிம்பைக் கற்புருவம் என்பார்கள். பாறையில் வழியும் மழைநீர் உள்ளே இறங்காமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். நம் வீட்டுத் தாழ்வாரம் செய்யும் வேலையை உளியால் செய்திருக்கிறார்கள். இத்தகைய குகைகளில், குகையைத் துறவிகளுக்கு வழங்கிய கொடையாளியின் பெயர் பெரும்பாலும் அந்த விளிம்பின் கீழேதான் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துத் தெரியவில்லையென்று சுண்ணாம்புக்கட்டியால் தேய்க்காதீர்கள். கைத்தொலைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

பிறகு தண்ணீரைத் தேடுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். இவ்வளவு உயரத்தில் குடிக்கவும் குளிக்கவும் நீர் எங்கே தேங்கியது, எந்தப் படியால் அதற்கு இறங்கினார்கள் என்று நடந்து பார்த்தால், சிதறிய கற்கள் ஒரு குடியிருப்பாகக் கூடத் தொடங்கும். உச்சிப் பகுதியில் கல்லில் குடைந்த மாபெரும் பிச்சா பாத்திரம் இருக்கிறது. துறவிகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. ஆகவே கீழே வட்டைகளில் விளைந்த நெல், பொழுது ஏறுமுன் சோறாகி அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். விடியலில் அடுப்பு மூட்டிய கைகள் எவருடையவை என்று எண்ணியபடி, அந்தப் பாத்திரத்தருகே நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

தூபியருகே காலணிகளைக் கழற்றுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். பானை ஓடு கண்ணில் பட்டால், அளவு தெரிய அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்துவிட்டு, ஓட்டைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தொல்பொருளை அகற்றுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அதோடு, இடம் பெயர்ந்த ஓடு எந்த அடுப்பருகே உடைந்தது என்பதைப் பிறகு எவராலும் அறிய முடியாது.