வாய்ப் புற்றுநோய்க்குப் பின்: வாய் திறப்புப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய், தாடைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்து மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ போனவர்கள், சில மாதம் கழித்து மதுரைக்குத் திரும்பி வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "இட்லியைப் பிட்டுப் பிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கு." புகையிலையை விடச் சொல்லி எல்லோரும் சொல்லியாயிற்று, அதை விட்டுவிடுவோம். வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும் புதிதாக வேலைக்கு வரும் பிசியோக்களும் மாற்றி மாற்றிச் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

கரண்ட் முடிந்ததும் பயிற்சியை நிறுத்துவது

எவ்வளவு சொன்னாலும் நிற்காத தவறு இது. கரண்ட் வைக்கும் ஆறேழு வாரமும் ஒழுங்காகச் செய்வார்கள். கடைசி நாளோடு சிகிச்சை முடிந்தது, இனிப் புண் ஆறினால் போதும் என்று, வாயைத் திறக்க வைக்கும் ஐஸ் குச்சிகளைப் பரணில் போட்டுவிடுவார்கள். தோல் ஆறிவிடும், மெல்லும் தசைகள் அப்போதுதான் நார் விழுந்து இறுக ஆரம்பிக்கும். முதல் ஒன்பது மாதத்தில்தான் இறுக்கம் வேகமாகக் கூடும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும். நார் முற்றியபின் இழுத்து மீட்பது மிகக் கடினம். பாக்குப் பழக்கத்தால் முன்பே வாய் சுருங்கியிருந்தவருக்கு இழக்கக்கூட இடம் இருக்காது.

வாயைத் திறக்கும்போது மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய்ப்பூட்டு என்று கணக்கு. அதற்கும் கீழே போகப் போக பிரஷ் நுழையாது, கடைவாய்ப் பல் சொத்தையாகும். கரண்ட் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. நோய் திரும்பியிருக்கிறதா என்று டாக்டர் உள்ளே பார்க்கவும் முடியாது. அடுத்த ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்துக் குழாய் போடுவதே சிக்கலாகிவிடும். குச்சியை எடுத்து வைத்ததற்கு இத்தனை விலை.

செய்முறை எளிது. பயன்படுத்தாத ஐஸ் குச்சி ஒரு கட்டு வாங்கி, வெந்நீரில் கழுவிக் காய வைக்கவும். சிரமமில்லாமல் நுழைகிற அளவுக்குக் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைக்கவும். பிறகு அடுக்கின் நடுவில் இன்னொரு குச்சியை மெதுவாகச் சொருகவும். 30 விநாடி அப்படியே இருக்கட்டும். எடுத்து, இளைப்பாறி, மறுபடி. ஒரு தடவைக்கு ஐந்து முறை, ஒரு நாளைக்கு ஐந்து தடவை. தசை இழுக்க வேண்டும், குத்தக் கூடாது. வாரம் ஒருமுறை பிளாஸ்டிக் ஸ்கேலால் அளந்து காலண்டரில் குறிக்கவும். "நல்லாத் திறக்குது" என்பது அளவு அல்ல. குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும். ஆபரேஷன் ஆனவர்கள் தொடங்கும் நாளைச் சர்ஜனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குச்சியை முன்பல்லில் வைப்பது

பல் ஆடும். கடைவாய்ப் பக்கம் வைக்கவும்.

வலிக்குப் பயந்து பயிற்சியை விடுவது

மூன்றாவது வாரத்தில் வாய்ப்புண் வந்ததும் பலர் நிறுத்துவது இதனால்தான். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டு அரைமணி கழித்துச் செய்யலாம். குச்சி முடியாவிட்டால் குச்சியில்லாமல் வாயைத் திறந்து மூடவாவது செய்யவும்.

திடீரென்று சுருங்கினால் வலுக்கட்டாயமாகத் திறப்பது

பல மாதம் ஒரே அளவில் இருந்தது சட்டென்று குறைந்தால், குச்சியைக் கூட்டாமல் டாக்டரிடம் காட்டவும். நோய் திரும்பியதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

தாடைக்கு வெந்நீர் ஒத்தடம்

கரண்ட் பட்ட தோலுக்கு வேண்டாம். தைலமும்தான்.

உணவு செலுத்தும் மூக்குக் குழாய் இருக்கிறதே என்று விழுங்காமல் இருப்பது

டாக்டர் அனுமதித்தால் ஒவ்வொரு ஸ்பூனாகத் தண்ணீர் விழுங்கிப் பழக வேண்டும். பயன்படுத்தாத தொண்டைத் தசை மெலியும். விழுங்கியதும் இருமலோ, குரல் கரகரப்போ வந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லவும். குழாய் எடுத்தபின் ஜிகர்தண்டா குடித்தால் உடனே வாய் கொப்பளிக்கவும்; எச்சில் குறைந்த வாயில் சர்க்கரை தங்கிப் பல்லை அரித்துவிடும்.

கழுத்து ஆபரேஷன் பக்கத் தோளை மறப்பது

நெறிக்கட்டி எடுக்கும்போது தோள் நரம்பு தளரலாம். உட்காரும்போது முன்கையைத் தலையணையில் வைத்துத் தாங்கவும், நடக்கும்போது கையைத் தொங்கப் போடாமல் சட்டைப்பைக்குள்ளோ இடுப்பிலோ வைக்கவும். கையைத் தலைக்கு மேல் தூக்குவதை முதலில் படுத்துக்கொண்டு, மறு கையின் உதவியோடு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தில் குடமும் அரிசிப் பையும் தூக்கக் கூடாது.