விந்தில் எச்.ஐ.வி. அளவு: சிகிச்சை எடுக்காதவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனையில் வைரஸ் அளவு குறைவாக வந்துவிட்டால், விந்திலும் குறைவாகத்தான் இருக்கும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எச்.ஐ.வி. மாத்திரை எடுக்காதவர்கள் இந்தக் கணக்கை நம்பவே கூடாது. பொதுவாக ரத்தத்தில் கூடினால் விந்திலும் கூடும் என்பது சரி. பெரும்பாலோருக்கு விந்தில் இருப்பது ரத்தத்தைவிடக் குறைவு என்பதும் சரி. ஆனால் சிலருக்கு விந்தில்தான் அதிகம். ஒரே ஆளுக்கே இந்த வாரம் ஓர் அளவு, அடுத்த வாரம் வேறோர் அளவு என்று மாறும். பிறப்புறுப்புப் பாதையில் உள்ள நோயெதிர்ப்பு செல்களில் வைரஸ் தனியாகவே பெருகக்கூடும் என்பது இதற்கு ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய தவறு, பால்வினை நோயைச் சாதாரணமாக விடுவது. 1997-ல் வெளியான மலாவி நாட்டு ஆய்வு ஒன்றைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ள ஆண்களில் சிறுநீர்க்குழாய் அழற்சி (பெரும்பாலும் பால்வினை நோயால் வருவது) இருந்தவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட விந்தில் வைரஸ் 8 மடங்கு இருந்தது. இத்தனைக்கும் இரு தரப்பினருக்கும் ரத்தத்தில் வைரஸ் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வெட்டை நோய் (கொனோரியா) இருந்தவர்களுக்குத்தான் மிக அதிகம். அழற்சிக்கு மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்ததும் 2 வாரத்தில் விந்தில் வைரஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ரத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை! புண், அழற்சி உள்ள இடத்துக்கு வெள்ளையணுக்கள் திரண்டு வரும். அவற்றில் சில எச்.ஐ.வி. தொற்றியவை என்பதால் வைரஸும் கூடவே வந்து சேர்கிறது.

எரிச்சலோ சீழோ இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. கிளமிடியா போன்ற பால்வினை நோய்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கியிருக்கும். சைட்டோமெகலோ வைரஸ் (ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்) விந்தில் வெளிப்படும்போதும் எச்.ஐ.வி. அளவு கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பலருக்கு இந்த சைட்டோமெகலோ வைரஸ் உடம்பில் இருப்பதே தெரியாது.

அப்புறம், எச்.ஐ.வி. தொற்றிய புதிது. முதல் சில வாரங்களில் ரத்தத்திலும் விந்திலும் வைரஸ் உச்சத்துக்குப் போகும். அப்போது வருவது வெறும் காய்ச்சல், தொண்டை வலியாகத் தோன்றும். பரிசோதனைகூட ‘இல்லை’ என்று காட்டலாம். அந்த ஒரு முடிவை நம்பி ஆணுறையை விட்டுவிடுவது மிக ஆபத்தானது. நாள்பட்டு எதிர்ப்புச் சக்தி சரியும்போது அளவு மறுபடியும் ஏறும்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்தவருக்கு விந்தணு வராது, வைரஸ் வரும். விந்துத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கிறது, அந்த வழி அடைபடுவதில்லை. கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதும் காப்பாற்றாது. முன்பே கசியும் திரவத்திலும் எச்.ஐ.வி. இருக்கலாம்.

சி.டி.4 (எச்.ஐ.வி. தாக்கும் நோயெதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை) நன்றாக இருக்கிறது என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. மாத்திரையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குப் போய், அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது. அந்த நிலைக்கு வர 6 மாதம் வரை ஆகலாம். பரிசோதனையில் அது உறுதியாகும்வரை ஆணுறை கட்டாயம்.