ஊருக்குப் போகமுன் பான்சிடார் என்ற பழைய மலேரியாக் குளிசை போடவேணுமா?

வேண்டாம். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு எங்கே போனாலும் மலேரியாத் தடுப்புக் குளிசை தேவையில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. அலுமாரியில் பழைய பான்சிடார் கிடந்தால் பாமசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதில் ஒரு குளிசைக்குள் சல்பாடொக்சின் 500 மில்லிகிராம், பைரிமெத்தமின் 25. கிழமைக்கு ஒன்று போதும் என்று ஒருகாலத்தில் பயணிகள் விரும்பி விழுங்கினார்கள். வில்லங்கமும் அங்கேதான். சல்பாடொக்சினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய எட்டு நாள் செல்லும். ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்து நிறுத்தினாலும், போட்டது உள்ளேயே நிற்கும். காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண் என்று தொடங்கி, தோல் கொப்பளித்து வெந்ததுபோல் உரியும். ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் என்ற கடுமையான மருந்து ஒவ்வாமை இதுதான். 1980களில் அமெரிக்கப் பயணிகள் சிலர் இதில் இறந்தார்கள். அதன் பிறகே தடுப்பு மருந்தாக இதைக் கொடுப்பது குறைந்தது.

சென்னையில் நின்று போகிறவர்கள்தான் கவனிக்கவேணும். அங்கே மலேரியா நுளம்பு கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும், இரவில் கடிக்கும். தாங்கி மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று ஏறிப் பாருங்கள், வலைக்குள் படுங்கள்.

காய்ச்சல் வந்தால் இரத்தம் சோதிக்காமல் மலேரியாக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். இறங்கி ஏழு நாளுக்குள் வந்தால் மலேரியாவை விட டெங்கு என்றே முதலில் நினைக்கலாம். பரசிற்றமோல் மட்டும், இபுபுரோபன் கூடாது.

சென்னையில் அதிகம் வைவாக்ஸ் வகை மலேரியா. அதற்குக் குளோரோகுயினும், 14 நாள் பிரைமாகுயினும். பிரைமாகுயினுக்கு முன் ஜி6பிடி என்ற நொதிக்கான சோதனை கேளுங்கள். அந்த நொதி குறைந்தவருக்கு இரத்தச் சிவப்பணு உடையும். பல்சிபாரம் என்ற மற்ற வகை என்றால் இந்தியாவின் பெரும்பகுதியில் மூன்று நாள் ஆர்ட்டிசுனேட்டோடு, முதல் நாள் பான்சிடாரில் உள்ள அதே சல்பாடொக்சின் கூட்டுக் குளிசையும் ஒரே பட்டையில் வரும். செப்ட்ரான் என்ற சல்ஃபா மருந்து போட்டு உடம்பு தடித்தவர்கள், “எனக்குச் சல்ஃபா ஒத்துக்காது” என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ஆர்ட்டிமீதர்-லூமிபான்ட்ரின் மாற்றாக இருக்கிறது. 5 மில்லிகிராம் போலிக் அசிட் போடுகிறவர்களும் அதைச் சொல்லவேணும். அது சல்பாடொக்சின் கூட்டுக் குளிசையின் வேலையைக் கெடுக்கும்.

இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு காய்ச்சல் கண்டால், ஆஸ்பத்திரியில் “இந்தியாவில் நின்றனான்” என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். நோய் போனாலும் அதைக் காவும் நுளம்பு இலங்கையில் இன்னும் இருக்கிறது. வைவாக்ஸ் ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் எழும்பும் என்பதால், லண்டனோ ரொறன்ரோவோ திரும்பி ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் இதையே சொல்லவேணும்.