ஃபெனிடாயின் மாத்திரை: புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

வலிப்புக்கு டாக்டர் எழுதிய சீட்டில் 'ஃபெனிடாயின்' என்று இருக்கலாம். 'எப்டாயின்' என்றோ 'டைலான்டின்' என்றோ இருக்கலாம். எல்லாம் ஒரே மருந்துதான். முதலாவது மருந்தின் பெயர், மற்றவை கம்பெனிகள் வைத்த பெயர். 1908-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிச் பில்ட்ஸ் தயாரித்தது. வலிப்பைத் தடுக்கும் என்று மெரிட், புட்னம் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் காட்டியது 1938-ல். இத்தனை பழசானாலும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் விலை குறைவு, வேலையும் செய்யும். ஆனால் கணக்கு பிசகினால் பொறுக்காத மருந்து இது. கொஞ்சம் குறைந்தால் வலிப்பு வரும், கொஞ்சம் கூடினால் ஆள் தள்ளாடுவார்.

எத்தனை மி.கி. என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். அவர் சொன்ன அளவு நாள் தவறாமல் ஒரே மாதிரி உடம்பில் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே.

1. கடையை விட்டு இறங்கும் முன் அட்டையைப் படியுங்கள்

மாத்திரை 50, 100, 300 மி.கி. என்று வருகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 300 மி.கி. வாக்கில் எழுதுவது வழக்கம். சீட்டில் '1-0-2' என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இரண்டு. '0-0-3' என்றால் மூன்றும் இரவில். 100-க்குப் பதில் 300 மி.கி. அட்டையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்து, நீங்களும் பழைய எண்ணிக்கையில் மூன்று போட்டால் அது 900 மி.கி. அதனால் எண்ணிக்கையோடு மி.கி.யையும் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'ஈஆர்' என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

கம்பெனியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் ஒரே மருந்துதானே" என்ற பேச்சு காய்ச்சல் மாத்திரைக்குச் சரி, இதற்குச் சரியில்லை. 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவில், ஃபெனிடாயின் கேப்சூலில் மருந்தோடு கலக்கும் நிரப்புப் பொருளை கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றினார்கள். மருந்தின் அளவில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் அதைச் சாப்பிட்ட பலருக்கு ரத்தத்தில் அளவு ஏறி விஷத்தன்மை வந்தது. கால்சியம் இருந்தவரை மருந்தில் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே போய்க்கொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. அரசு மருத்துவமனையில் வாங்குபவர்களுக்குக் கம்பெனி மாறுவதைத் தடுக்க முடியாது. மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த இரண்டு மூன்று வாரம் தள்ளாட்டமோ வலிப்போ வருகிறதா என்று கவனியுங்கள்.

2. நேரத்தை ஏதாவது ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்

"ராத்திரி போட்டுக்கலாம்" என்று விட்டால் மறக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வயிற்றைப் புரட்டுவதும் குறையும். ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். ஞாயிறன்று நிரப்பி வையுங்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் டப்பாவைத் திறந்தால் தெரிந்துவிடும். சந்தேகத்தில் இன்னொரு முறை போடுவது இந்த மருந்தில் ஆபத்து.

கையிருப்பு பத்து நாளுக்குக் கீழே இறங்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் மாத்திரை தீர்ந்து, நாலு நாள் கழித்து வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வருவது தவிர்க்கக்கூடிய ஒன்று. கால்சியம் மாத்திரைக்கும் நெஞ்செரிச்சல் மருந்துக்கும் இதற்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

3. சிரப் என்றால் குலுக்காமல் ஊற்றாதீர்கள்

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சிரப்தான். இதில் மருந்து கரைந்திருக்காது, தூளாக மிதக்கும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் தூள் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் பாட்டிலின் முதல் பாதி வெறும் இனிப்புத் தண்ணீர் மாதிரி போய்விடும், குழந்தைக்கு வலிப்பு வரும். "மருந்து போதவில்லை" என்று அளவைக் கூட்டுவார்கள். அதற்குள் பாட்டில் அடிப்பகுதிக்கு வந்திருக்கும், அங்கே இருப்பது கெட்டியான மருந்து. குழந்தை தூங்கி வழியும், நடக்கும்போது விழும். ஒரே பாட்டிலில் இரண்டு கோளாறும் நடக்கும்.

பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது முழுக்கக் கலையும்வரை குலுக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் மி.லி. பார்த்து எடுங்கள். 5 மி.லி.யில் 30 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 125 மி.கி. உள்ளதும் உண்டு. நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். எனவே "ஒரு ஸ்பூன்" என்ற கணக்கு எங்குமே செல்லாது. மாத்திரையிலிருந்து சிரப்புக்கு மாறும்போதும் அளவு அப்படியே பொருந்தாது. மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் ஃபெனிடாயின் சோடியம். அதில் 100 மி.கி. என்பது சிரப்பில் 92 மி.கி.க்குச் சமம். அந்தக் கணக்கை டாக்டர் போடட்டும்.

4. முதல் இரண்டு மாதம் தோலைப் பாருங்கள்

தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் உடம்பில் தடிப்போ சிவப்புப் புள்ளியோ வந்தால் வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம், கழுத்தில் நெறி கட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரை போடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டு. இது அரிதுதான், ஆனால் உயிரை எடுக்கக்கூடியது. மருந்தை நிறுத்தினால் வலிப்பு வருமே என்ற பயம் நியாயமானது. அதனால்தான் மருத்துவமனைக்கே போகச் சொல்கிறோம், அங்கே வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஒவ்வாமையை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று. காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து டம்ளர் நழுவுகிறதா? பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்க்கிறாரா? அந்த வகை வலிப்புகளை ஃபெனிடாயின் அடக்காது, சில சமயம் கூட்டிவிடும். இதைக் கேட்காமலே நீங்கள் சொல்ல வேண்டும்.

5. அளவை நீங்களே ஏன் கூட்டக் கூடாது

பெரும்பாலான மருந்துகளில் அளவை இரட்டித்தால் ரத்தத்திலும் இரட்டிக்கும். ஃபெனிடாயின் அப்படியல்ல. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும். குழாய்க்குக் கீழே வாளி நிறைந்த பிறகு விழும் ஒவ்வொரு சொட்டும் வழிவது போல, அதற்கு மேல் போடும் மருந்து அப்படியே தேங்கும்.

ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு ஒரு மி.லி.க்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். 300 மி.கி.யில் 12 இருக்கும் ஒருவருக்கு 400 மி.கி. கொடுத்தால் 16 வரும் என்று கணக்குப் போடுவோம். பல பேருக்கு அது 20-ஐத் தாண்டிப் போகும். அதனால்தான் டாக்டர்கள் கடைசிக் கட்டத்தில் 25, 50 மி.கி. என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். கூட்டிய பிறகு புது அளவு நிலைக்க ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும், மறுநாளே ரத்தம் எடுத்துப் பயனில்லை. பரிசோதனைக்குப் போகும் நாளில் அடுத்த வேளை மாத்திரை போடும் முன் ரத்தம் கொடுங்கள், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக உள்ளவர்களுக்கு, 14 என்று வரும் எண்ணே உண்மையில் அதிகமாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

அளவு கூடிப்போனதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டடி தூரத்தில் ஒரு விரலை நிறுத்தி, தலையை அசைக்காமல் அதைப் பார்க்கச் சொல்லி, விரலை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஓரத்துக்குப் போன கருவிழி நிற்காமல் துடித்துத் துடித்து அசைந்தால் அளவு 20-ஐத் தாண்டியிருக்கக்கூடும். 30-க்கு மேல் நடை தள்ளாடும், நாக்கு குழறும். தெருவில் பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்பார்கள். 40-க்கு மேல் குழப்பம், மயக்கம். கண் துடிப்போ தள்ளாட்டமோ தெரிந்தால் அடுத்த வேளைக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

6. வேறு மருந்து சேரும்போது

காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவை ஏற்றும், அதோடு வரும் ரிஃபாம்பிசின் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் யாருக்கு எந்தப் பக்கம் சாயும் என்று ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், இதயத்துடிப்புக்கான அமியோடரோன் ஏற்றும். வலிக்குத் தரும் டிராமடால் வலிப்பையே தூண்டக்கூடியது. கருத்தடை மாத்திரை ஃபெனிடாயினோடு சேர்ந்தால் நம்பத்தக்கதல்ல, வேறு வழி கேளுங்கள். நாட்டு மருந்தோ லேகியமோ எடுத்தால் அதையும் மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பதால்தான் பல குழப்பங்கள்.

கர்ப்பமாகத் திட்டமிடுபவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தையைப் பாதிக்கும் வாய்ப்பு உள்ள மருந்து இது. ஆனால் நாள் தள்ளிப்போனதும் பயந்து தானாக நிறுத்தினால் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே ஆபத்து.

ஈறு வீங்கிப் பல்லை மூடுவது இந்த மருந்தின் அடையாளம் மாதிரி. தினம் இரண்டு வேளை பல் துலக்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் டாக்டரைப் பார்த்தால் வெகுவாகக் குறையும். வருடக்கணக்கில் எடுப்பவர்கள் வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம் பற்றியும் கேளுங்கள்.

7. ஒரு வேளை விட்டுப்போனால்

நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டிருந்தால் ஈடுகட்ட முயலாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

8. மாத்திரையை மீறி வலிப்பு வந்தால்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள கூர்மையான பொருட்களை நகர்த்தி, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்புக் கம்பி திணிப்பதால் எதுவும் நிற்காது. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் சாவி வந்து சேர்கிறது, பெயர் சாவிக்குப் போகிறது. வாயில் ஸ்பூன், தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் இன்னொன்று வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த மருந்து, எத்தனை மி.கி., கடைசியாக எப்போது போட்டார் என்ற மூன்றையும் வந்தவர்களிடம் சொல்லுங்கள்.

9. எப்போது நிறுத்துவது

வலிப்பு வரவில்லை என்பதே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், தேவையில்லை என்பதற்கு அல்ல. திடீரென்று நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வரலாம். குறைந்தது இரண்டு வருடம் வலிப்பில்லாமல் இருந்தால் டாக்டர்கள் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள், எல்லோருக்கும் அல்ல. சம்மதித்தாலும் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் இறக்குவார்கள். அந்த மாதங்களில் கிணறு, குளம், மாடி விளிம்பு, விறகடுப்பு, வண்டி ஓட்டுவது எல்லாவற்றிலிருந்தும் விலகியிருங்கள், ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். குளிக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வையுங்கள்.