மஞ்சள் விளக்கு எரிந்தால் நாற்கரச் சாலைக்கு விடுங்கள்

பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வேனிலோ கேரவனிலோ புகைக்கரி வடிகட்டியின் மஞ்சள் விளக்கு (பெட்டிக்குள் புள்ளிகள் இட்ட படம்) மட்டும் எரிந்தால், உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டாம். நாங்குநேரி பக்கம் நாற்கரச் சாலையில் ஏற்றி, ஒரு கியர் குறைத்து, 60 கிலோமீட்டருக்கு மேல் சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு தானே அணைந்துவிடும்.

திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தால் புகைக்குழாய் சூடேறுவதில்லை. கரி வடிகட்டியில் தங்கிவிடுகிறது. அது எரிய 600 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். நீண்ட, சீரான ஓட்டம் அதற்கு வழி செய்கிறது. டீசல் குறைவாக இருந்தால் பல வண்டிகளில் இந்த எரிப்பு தொடங்காது. கால் டேங்குக்கு மேல் இருப்பது நல்லது. ஓசை கூடி, விசிறி இரைந்தால் பதற வேண்டாம், வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் எஞ்சினை அணைப்பதுதான் தவறு.

எஞ்சின் படம் போட்ட விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, விளக்கு மின்னினாலோ, வண்டி இழுவை குறைந்தாலோ இது உதவாது; மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ என்றால் பத்திரமாக ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஓட்டி முடித்ததும் காய்ந்த புல், பனையோலைச் சருகின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், புகைக்குழாய் அவ்வளவு சூடாக இருக்கும்.