பழைய விண்டோஸில் பெரிய ஹார்ட் டிஸ்க்: 137 ஜிபியில் காத்திருக்கும் வம்பு

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களை நம்பியிருக்கும் டிடிபி கடையோ, விண்டோஸ் 98-இல் மட்டுமே திறக்கும் கணக்குப் புரோகிராமோ இருந்தால் பழைய கணினியைத் தூக்கிப் போட மனசு வராது. அதிலிருக்கும் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒருநாள் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பிக்கும். பழைய அகலக் கேபிளில் மாட்டும் ஐடிஇ டிஸ்க் புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் அடாப்டர் ஒன்றை வாங்கி அதற்குப் பின் வந்த சாட்டா வகை 500 ஜிபி டிஸ்க்கை மாட்டிவிடுவார்கள். கணினி கிளம்பும், விண்டோஸ் வரும், எல்லாம் சரியாகவே இருக்கும். வம்பு அப்புறம்தான்.

அதற்கு முன் ஒரு வீண் பயத்தைத் தள்ளிவிடலாம். 160 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 149 ஜிபி என்று தெரிந்தால் யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனால் 160-ஓ 500-ஓ போட்டு 127 அல்லது 128 ஜிபி மட்டும் தெரிந்தால், சுவரில் முட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

டிஸ்க்கில் தகவல் 512 பைட் கொண்ட செக்டர்களாக இருக்கிறது. ஒவ்வொரு செக்டருக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண். பழைய முறையில் அந்த எண்ணுக்கு 28 பிட் இடம்தான். 28 பிட்டில் 26,84,35,456 எண்கள் அடங்கும். 512-ஆல் பெருக்கினால் 137.4 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128. ஆரம்பகால பயாஸ்களில் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த புரோகிராம்) 504 எம்பி, பிறகு 8.4 ஜிபி, 32 ஜிபி என்று வந்த சுவர்களும் இப்படிப் பிறந்தவைதான்: எண் எழுத விட்ட கட்டங்கள் போதவில்லை.

பலரும் செய்யும் பெரிய தவறு, பயாஸ் முழு அளவைக் காட்டினால் போதும் என்று நம்புவது. விண்டோஸ் 98-இல் ஃபார்மட் போடும்போது விண்டோஸுக்கு முந்தைய டாஸ்தான் ஓடுகிறது, அது பயாஸ் வழியாக டிஸ்க்கிடம் போகிறது. பயாஸ் கொஞ்சம் புதியது என்றால் 500 ஜிபியும் கச்சிதமாக ஃபார்மட் ஆகிவிடும். விண்டோஸ் எழுந்த பிறகோ பயாஸை ஓரம் கட்டிவிட்டுத் தன் சொந்த டிரைவரை வைத்துப் பேசுகிறது. அந்த டிரைவருக்கு 28 பிட்தான் தெரியும். பயாஸ் வழியாகப் போட்ட பார்ட்டிஷன் (டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதி) 500 ஜிபி, டிரைவருக்கு எட்டுவது 137 ஜிபி.

டிஸ்க் 137 ஜிபி நிரம்பும் வரை ஒரு குறையும் தெரியாது. அதைத் தாண்டி ஒரு கோப்பு எழுதப்படும்போது, ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்புவதுபோல எண் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. கோப்பு டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுகிறது. பூஜ்யமாவது செக்டரில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. சில பத்து செக்டர் தள்ளி, எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் ஃபாட் அட்டவணை. அதற்கு இரண்டு பிரதி உண்டுதான், ஆனால் இரண்டும் அடுத்தடுத்தே கிடக்கின்றன. நீங்கள் நகலெடுத்த கல்யாண வீடியோ அவற்றின் மேல் எழுதப்படுகிறது. திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது, நகல் முடிந்தது என்றே காட்டும். மறுநாள் காலை கணினி கிளம்பாது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கி, அதையும் அப்படியே மாட்டுவார்கள்.

விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்குத் தீர்வு, திருத்தங்களின் தொகுப்பான சர்வீஸ் பேக் 1-இலேயே, 2002-இல் வந்துவிட்டது. இருந்தாலும் 2001-இல் வந்த பழைய சிடியை எடுத்து மறுபடி இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு. டிஸ்க்கில் முன்பே பெரிய பார்ட்டிஷன் இருந்தால் அந்தச் சிடி பக்கமே போக வேண்டாம். சர்வீஸ் பேக் 2 அல்லது 3 சேர்ந்த சிடி தேவை. விண்டோஸ் 2000-க்கு சர்வீஸ் பேக் 3 போட்டாலும் தானாக வேலை செய்யாது; விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள்பிக்எல்பிஏ' என்ற மதிப்பை நாமே 1 ஆக வைக்க வேண்டும். விண்டோஸ் 98-க்கும் விண்டோஸ் மில்லேனியத்துக்கும் மைக்ரோசாஃப்ட் தீர்வே தரவில்லை. என்னைக் கேட்டால் அவற்றில் 80 அல்லது 120 ஜிபி டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியதுதான் கையில் இருக்கிறது என்றால் முதல் 120 ஜிபிக்குள் பார்ட்டிஷன் போட்டு மிச்சத்தைச் சும்மா விடுங்கள். மிச்சத்தில் இரண்டாவது பார்ட்டிஷன் போட ஆசை வரும், வேண்டாம்.

98-இல் பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க் புரோகிராமிலும் ஒரு வேடிக்கை உண்டு. 64 ஜிபியைத் தாண்டிய டிஸ்க்கில் 64-ஐக் கழித்துவிட்டுக் காட்டும். 80 ஜிபி டிஸ்க் வெறும் பத்துச் சொச்சம் ஜிபியாகத் தெரியும். டிஸ்க் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். திருத்திய எஃப்டிஸ்க்கை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐடிஇ டிஸ்க் எதில் மாட்டினாலும் 32 ஜிபிதான் என்றால் பின்பக்க ஜம்பரை (பின்களை இணைக்கும் குட்டி மூடி) பாருங்கள். 32 ஜிபிக்கு மேல் கண்டால் உறைந்துபோகும் பயாஸ்களுக்காக, டிஸ்க்கைச் சின்னதாகக் காட்டும் ஜம்பர் ஒன்று பல மாடல்களில் உண்டு. முந்தைய சொந்தக்காரர் அதை எடுக்க மறந்திருப்பார்.

அடுத்த சுவர் 2.2 டிபி. பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணையில் எண்ணுக்கு 32 பிட், அதாவது சுமார் 429 கோடி செக்டர். 3 டிபி டிஸ்க்கில் 586 கோடி. எக்ஸ்பியில் மாட்டினால் 429 கோடி போக மிச்சம் மட்டும், 746 ஜிபியாகத் தெரியலாம். எம்பிஆருக்குப் பதிலாக வந்த ஜிபிடி அட்டவணை 32 பிட் எக்ஸ்பிக்குப் புரியாது என்பதால் அதற்கு மாற்றியும் பயனில்லை.

ஆனால் அதே 3 டிபி சில யுஎஸ்பி பெட்டிகளுக்குள் இருக்கும்போது எக்ஸ்பியில் முழுசாக வேலை செய்யும். பெட்டியின் சர்க்யூட் ஒரு செக்டர் 4096 பைட் என்று சொல்லி எண்ணிக்கையை எட்டில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறது. பெட்டி கெட்டுப்போய் டிஸ்க்கைக் கழற்றி நேராக மாட்டினால், செக்டர் மறுபடி 512 பைட் ஆகி அட்டவணைக் கணக்கு எல்லாம் தப்பாகிவிடும். ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே மாதிரி இன்னொரு பெட்டி தேடுங்கள். உள்ளே டேட்டா அப்படியே இருக்கிறது.